பதினேழு, அசையவில்லை

ஹெர்சகோவினாவில் மலைகளுக்கு உள்ளே பொத்தல்.
பெய்த மழை தரையில் நிற்காது;
பாறை குடித்துவிட்டு
பத்து மைல் தள்ளி எங்கோ துப்பும்.
அப்படித் துப்பிய நீரோடு, சில வசந்தங்களில்,
வெளியே வந்து விழும்
ஒரு சாண் நீளத்தில், வெளுத்து, கண்ணில்லாமல் ஓர் உயிர்.
டிராகன் குட்டி என்று அந்தக் காலத்தில் பயந்தார்களாம்.
நாங்கள் மனித மீன் என்கிறோம்.
மீனில்லை. மனிதனுமில்லை.
தோல் மட்டும் நம்முடையது,
கடிகாரப் பட்டைக்கு அடியில் இருக்குமே, அந்தத் தோல்.

நாங்கள் மூன்று பேர்:
பேருந்து ஓட்டும் ஹாஸிம்,
மருந்துக்கடை ஸ்லாவொய்கா,
பல் பிடுங்கும் நான்.
சம்பளம் கிடையாது.
பல்கலைக்கழகம் தந்தது ஒரு கடிதம், அதில் ஒரு முத்திரை,
இரவலாக நான்கு காற்று சிலிண்டர்.

வால் ஓரத்தில் ஊசியால் நிறம் ஏற்றி
பத்தொன்பது பேருக்கு எண் வைத்தோம்.
பெயர் வைக்கக் கூடாது, அது ஸ்லாவொய்காவின் சட்டம்.
பெயர் வைத்தால் பிறகு அழ வேண்டி வரும்.

பதினேழு
உடைந்த நாற்காலி போன்ற ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது,
தலை வடக்கே.
அடுத்த மாதம் போனோம், தலை வடக்கே.
பனி உருகிய பின் போனோம், தலை வடக்கே.
செத்துவிட்டது என்று கையை விரித்தான் ஹாஸிம்.
விளக்கைத் தாழ்த்திக் காத்திருந்தேன்.
கழுத்தோரச் செவுள், பூஞ்சிவப்பாய்,
ஒரு முறை, ஒரே ஒரு முறை, விரிந்து மடங்கியது.

சாப்பிட்டு எத்தனை வருஷமோ.

மூன்றாம் ஆண்டு என் மனைவி வெஸெல்கா
கிராஸ் நகரத்துக்குப் பெட்டி கட்டினாள்.
சண்டையெல்லாம் இல்லை.
"சனிக்கிழமை நீ எங்கே போகிறாய் என்று
எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்."
மறுநாள் இறங்கினேன்,
பலகையில் பென்சிலால் எழுதினேன்:
பதினேழு. அசையவில்லை.
நீருக்கடியில் அழுதால்
முகமூடியின் உட்புறம்தான் நனையும்.
துடைக்க முடியாது.
அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும்;
பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தருவது அது.

மதுக்கடை ஓக்ன்யென் ஒவ்வொரு சனியும் கேட்பான்:
"என்ன, உங்கள் ஐயா எழுந்துவிட்டாரா?"

ஆறாம் ஆண்டு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
நீந்துவதைப் படம் பிடிக்க வேண்டுமாம்.
"குச்சியால் லேசாகத் தட்டலாமே?"
கை காட்டியவர்க்கெல்லாம் கதவு திறக்கும் ஹாஸிம்
அவர்கள் சாமான் முழுவதையும் பேருந்தில் ஏற்றி,
பூட்டி,
பிலெச்சாவுக்கு ஓட்டிப் போய்விட்டான்.

எட்டாம் ஆண்டு, செப்டம்பர்.
கல்லுக்கு அடியில் கல்தான் இருந்தது.
விளக்கு நடுங்கியது, என் கைதான்.
குமிழிகள் கூரையில் போய் ஒட்டிக்கொண்டு
பாதரசமாய் ஓடின.
ஸ்லாவொய்கா தன் பலகையில் அவசரமாய் எழுதினாள்:
"டுஷ்கோ எங்கே?"
எழுதியதைத் தானே பார்த்தாள்.
கட்டைவிரலால் அழித்தாள்.
நான் பார்க்காத மாதிரி
மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது ஹாஸிம்.
ஒன்பது மீட்டர் தள்ளி, இன்னொரு கல்.
தலை கிழக்கே.
வாலோரம் அதே நீலப் புள்ளி.
முன்கால் விரல் மூன்றும்
இப்போதுதான் வந்து இறங்கியது போல
சேற்றில் பதிந்திருந்தன.

அன்றிரவு ஓக்ன்யென் காசு வாங்கவில்லை.
"ஒன்பது மீட்டரா! எதற்காம்?"
எட்டு ஆண்டுக் குறிப்பேடு மேசைமேல் இருந்தது.
நீர் வெப்பம், நீர் மட்டம், நிலா,
எல்லாம் எழுதியிருக்கிறோம்.
அதற்குப் பதில் அதில் இல்லை.
ஸ்லாவொய்கா உப்புக்கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அதன் நிறுத்தம் வந்திருக்கும்" என்றான் ஹாஸிம்,
குடிக்காத கோப்பையைப் பார்த்தபடி.

திங்கள் காலை எட்டு மணிக்கு
எனக்கு ஒரு கடைவாய்ப்பல் இருக்கிறது.
எழுந்து வந்துவிட்டேன்.